ஆறு வலது கால்கள்

பொறாமையைப் பற்றி எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். மூன்று வருஷமாக அதிலேயே ஊறிக் கிடப்பவன் நான். "ஜெபக்குமார் இருந்தா இந்நேரம் முடிச்சிருப்பான்" என்ற பேச்சை வாரத்துக்கு நாலு தடவை காதில் வாங்கிக்கொண்டு, சிரித்த முகத்தோடு டீ வாங்கி வருவது என்ன லேசான காரியமா?

ஜெபக்குமார் எனக்கு முன்னால் பிரகதீஸ்வரி அக்காவிடம் உதவியாளனாக இருந்தவன். இப்போது சென்னையில் ஏதோ பெரிய துப்பறியும் கம்பெனியில் ஏசிக்குள் உட்கார்ந்திருக்கிறான். குணசேகரனாகிய நான் புதுக்கோட்டை கீழ ராஜ வீதியில், ஒரு ஜெராக்ஸ் கடைக்கு மேல் மாடியில், அரைகுறையாகச் சுற்றும் ஒரு ஃபேனுக்குக் கீழே உட்கார்ந்திருக்கிறேன். அக்கா இருபது வருஷம் இன்சூரன்ஸ் கம்பெனியில் பொய்க் கேஸ் பிடித்துவிட்டு, இப்போது தனியாகத் துப்பறிபவர். செத்துப் போனதாகச் சொன்ன ஆளைத் திருப்பூரில் பிரியாணி தின்றுகொண்டிருக்கும்போது பிடித்தவர் என்று அவருக்கு ஒரு பெயர் உண்டு. அந்தக் கேஸில் கூட இருந்தது யார் என்று நினைக்கிறீர்கள்? சொல்ல மாட்டேன், வயிறு எரிகிறது.

அந்தத் திங்கட்கிழமை காலை ஒன்பதரைக்கு நாங்கள் திருக்கோகர்ணத்தைத் தாண்டி இருக்கும் ஒரு தனியார் எலும்பு ஆராய்ச்சி மையத்தில் நின்றோம். எதிரே, எங்களை வரச் சொன்ன இளமதி. வயது முப்பதுக்குள். மூன்று நாளாக அழுது கண் வீங்கியிருந்தது. ஆனால் பேச்சு தெளிவாக வந்தது.

"வயசானவங்களுக்கு எலும்பு உளுத்த கட்டை மாதிரி ஆயிடும் மேடம். விழுந்து இடுப்பு ஒடைஞ்சா ஸ்குரூ போடுவாங்க. உளுத்த எலும்புல ஸ்குரூ பிடிக்காது, ரெண்டே மாசத்துல ஆடிப் போயிரும். மறுபடி ஆபரேஷன். பாதிப் பேரு அதோட படுத்த படுக்கைதான். நான் நாலு வருஷமா ஒரு ஸ்குரூ செஞ்சிருக்கேன். அது ஆடாது."

"ஆடாதுன்னு எப்படித் தெரியும்?" என்றார் அக்கா.

இளமதி ஆளுயர மெஷின் ஒன்றைக் காட்டினாள். "ஆட்டுத் தொடை எலும்புல ஸ்குரூவை முறுக்கி, இந்த மெஷின்ல மாட்டி இழுப்போம். எத்தனை கிலோ இழுப்புக்குக் கழண்டு வருதுன்னு அது சொல்லும். சாதாரண ஸ்குரூ தொண்ணூறு கிலோவுல வந்துரும். என்னுது நூத்தி நாப்பது வரைக்கும் நின்னுச்சு. ஒவ்வொரு தடவையும்."

"வெள்ளிக்கிழமை?"

"டைரக்டர் மேடம் முன்னாடி ஆறு எலும்புல இழுத்தோம். ஆறும் நாப்பது கிலோவுக்கே கழண்டு வந்துருச்சு." அவள் குரல் அங்கேதான் உடைந்தது. "இதுக்கு முன்னாடி நான் காட்டுனதெல்லாம் பொய்க் கணக்குன்னு சொல்லிட்டாங்க. நாளைக்குப் பத்து மணிக்குச் சென்னையிலேர்ந்து கமிட்டி வருது. அதுக்குள்ள நான் நிரூபிக்கலேன்னா திட்டம் என்கூட வேலை பாக்குற வெற்றிசெல்வன் கைக்குப் போயிரும். என்னைய ஏமாத்துக்காரின்னு எழுதி வெளிய அனுப்பிருவாங்க. அந்த எழுத்தோட நான் எந்த லேபுக்குள்ளயும் கால் வைக்க முடியாது மேடம்."

கழன்று வந்த ஆறு எலும்புகளும் டைரக்டரின் தனி ஃப்ரீசருக்குள் பூட்டப்பட்டிருந்தன. டைரக்டர் ராஜலட்சுமி தானே வந்து திறந்துவிட்டு, "இளமதி தொடக் கூடாது. நீங்க பாக்கலாம்" என்று முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு போனார்.

எலும்பு ஒவ்வொன்றும் உப்புத் தண்ணீரில் நனைத்த துணியால் சுற்றப்பட்டிருந்தது. காய்ந்தால் எலும்பின் தன்மை மாறிவிடுமாம். ஸ்குரூ இறங்கும் இடத்தில் மட்டும் துணியில் ஒரு சின்ன ஓட்டை. சோதனை முடியும் வரை துணியை யாரும் அவிழ்ப்பதில்லை.

"அவுருடா குணா" என்றார் அக்கா.

நான் அவிழ்த்தேன். சித்தன்னவாசல் பக்கம் ஒரு கிராமத்தில் நூறு ஆடு வளர்த்த குடும்பத்தில் பிறந்தவன் நான். ஓவியம் பார்க்க வரும் டூரிஸ்டுகளுக்கு நடுவே ஆடு ஓட்டியவன். எலும்பின் முட்டியைப் பார்த்ததும் சட்டென்று தெரிந்துவிட்டது.

"இது காயடிச்ச கிடாவாச்சே!"

இளமதி திடுக்கிட்டுப் பார்த்தாள். அக்கா, "எப்படிச் சொல்றே?" என்றார்.

"இங்கிட்டு பாருங்கக்கா. முட்டிக்குக் கீழ வெள்ளையா ஒரு கோடு ஓடுதுல்ல? குருத்தெலும்பு. வளர்ற ஆட்டுக்குத்தான் இது தெரியும். வளர்ந்து முடிஞ்சா மூடிக்கும். குட்டியா இருந்தா எலும்பு சின்னதா இருக்கணும். இது ஒரு சாணுக்கு மேல இருக்கு. ஆடு பெருசு, ஆனா கோடு மூடல. காயடிச்சா அப்படித்தான், காலு பாட்டுக்கு நீண்டுகிட்டே போகும், எலும்பு மட்டும் கெட்டிப்படாது. எங்கப்பாரு சொல்லுவாரு, காயடிச்சது பள்ளத்துல எறங்குனா மொதல்ல கால ஒடிச்சுக்கும்னு."

"ஹார்மோன் இல்லாம போனா எலும்பு பலம் குறையும்" என்று இளமதி மெதுவாகச் சொன்னாள். பிறகு அவள் குரல் ஏறியது. "ஆனா மேடம், என் எலும்புல காயடிச்சது இருக்கவே முடியாது. எல்லாம் கருப்பர் கோயில் கிடா வெட்டுல வாங்குனது!"

அவள் கெட்டிக்காரத்தனம் எனக்கு அப்போதுதான் புரிந்தது. கடையில் வாங்கினால் ஒவ்வொரு ஆடும் ஒவ்வொரு வயது, ஒவ்வொரு ரகம். கருப்பருக்கு நேர்ந்து விட்ட கிடாக்களோ எல்லாம் ஒரே வயது, ஒரே நாளில் வெட்டுவார்கள். காயடித்த கிடாவோ, காது கிழிந்த கிடாவோ சாமிக்கு ஆகாது. ஆராய்ச்சிக்கு இதைவிட ஒழுங்கான எலும்பு உலகத்தில் எங்கே கிடைக்கும்? வீடு வீடாகப் போய்க் கேட்டு, எல்லாவற்றிலும் பின்னங்கால் வலது தொடையை மட்டும் வாங்கி வந்து சேர்த்திருக்கிறாள்.

"அப்ப யாரோ மாத்திட்டாங்க" என்றேன் நான், கொஞ்சம் நெஞ்சை நிமிர்த்தி. அக்கா ஒரு வார்த்தை பாராட்டுவார் என்று பார்த்தேன்.

"ம்" என்றார் அக்கா. ஜெபக்குமாராக இருந்தால் இந்நேரம் தோளில் தட்டியிருப்பார், தெரியாதா எனக்கு!

"ஒங்க கருப்பர் கோயில் எலும்பு இன்னும் மிச்சம் இருக்கா?"

"இல்ல மேடம். கடைசி ஆறு அதுதான். அடுத்த கிடா வெட்டு வார வருஷம்."

ஆக, காணாமல் போன ஆறு எலும்பு நாளைக் காலை பத்து மணிக்குள் கிடைத்தாக வேண்டும்.

அப்போது கதவைத் தள்ளிக்கொண்டு ஒருவன் வந்தான். கையில் இளமதிக்கு டீ. சாந்தமான முகம், தேய்த்துப் போட்ட சட்டை. "என் வீட்டுக்காரரு கண்ணன். இந்த மெஷினை ஓட்டுறது இவருதான்" என்று இளமதி அறிமுகப்படுத்தினாள்.

எலும்பு மாற்றப்பட்டிருப்பதை அவனிடமும் சொன்னாள். கண்ணன் தலையில் கை வைத்துக்கொண்டான்.

"சோதனைக்கு முன்னாடி எலும்பு இருந்த ஃப்ரீசருக்கு எத்தனை சாவி?" என்று அக்கா கேட்டார்.

"மூணுங்க. இவகிட்ட ஒண்ணு, எங்கிட்ட ஒண்ணு, வெற்றிசெல்வன்கிட்ட ஒண்ணு. யாரு செஞ்சிருப்பாங்கன்னு நான் வாயால சொல்லணுமா? அவருக்கு இவ மேல அவ்வளவு பொறாமை. எனக்கு எதுக்குங்க பொறாமை? இந்த மெஷினை இவளுக்குப் பழக்கி விட்டதே நான்தான். இவ ஜெயிச்சா நான் ஜெயிச்ச மாதிரிதானே?"

அக்கா தலையாட்டினார். கண்ணன் நல்லவன் என்று நான் மனதுக்குள் எழுதிக்கொண்டேன். எனக்குப் பெண்டாட்டி இருந்து, அவள் என்னைவிடப் பெரிய ஆளானால், நான் டீ எடுத்துக்கொண்டு போவேனா என்பது சந்தேகம்தான்.

வெற்றிசெல்வன் பக்கத்து அறையில் இருந்தான். ஒல்லியான உடம்பு, கலைந்த தலை, மேஜை முழுக்கப் பழைய மாடல் ஸ்குரூக்கள். நாங்கள் உட்காரும் முன்பே ஆரம்பித்துவிட்டான்.

"ஆமாங்க, எனக்குப் பொறாமைதான். அதுல என்ன ஒளிவு மறைவு? நான் ஏழு வருஷமா இந்த ஸ்குரூவைத் திருகிக்கிட்டு இருக்கேன். நேத்து வந்தவ அவ. டைரக்டர் மேடம் அவளை மட்டும் பேரச் சொல்லிக் கூப்புடுறாங்க, என்னைய 'ஏப்பா'ங்குறாங்க. அவ ஸ்குரூ நூத்தி நாப்பது கிலோ நின்ன அன்னைக்கி எனக்கு ராத்திரி சோறு எறங்கல."

"வெள்ளிக்கிழமை நாப்பதுல கழண்டப்போ?" என்றேன்.

அவன் மேஜையிலிருந்த ஒரு ஸ்குரூவை எடுத்து உருட்டினான். "மொதல்ல சந்தோஷமாத்தாங்க இருந்துச்சு. அப்பறம் ஒரு மாதிரி ஆயிடுச்சு. அந்த ஸ்குரூ நாப்பதுல கழண்டு வர்ற ஸ்குரூ இல்லீங்க. அது எனக்குத் தெரியும். அவளோட வரைபடத்தை நான் திருட்டுத்தனமா பத்துத் தடவை பாத்திருக்கேன்."

"எங்க தங்கியிருக்கீங்க?"

"பஸ் ஸ்டாண்டு பக்கம் மேன்ஷன்ல. ஒரு ரூமு, ஒரு கட்டிலு. சாப்பாடு மெஸ்ஸுல."

"வண்டி?"

"செவப்பு பைக்."

வெளியே வந்ததும், "இவன்தான்க்கா" என்றேன். "இவ்வளவு பொறாமையை வயித்துல வச்சிருக்கறவன் வேற யாரு?"

"வயித்துல எங்க வச்சிருக்கான்? எல்லாத்தையும் வாயில வச்சிருக்கான்" என்றார் அக்கா. "வண்டியை எடு. ஒரே நாள்ல காயடிச்ச கிடா ஆறு, அத்தனையும் பெருசா, எங்க கிடைக்கும்?"

ஆட்டு விஷயத்தில் என்னிடம்தானே வர வேண்டும்! "ஆலங்குடி மூக்கன் கடை" என்றேன். "கல்யாணம், காது குத்து, எல்லா விருந்துக்கும் அவருதான். காயடிச்சதைத் தவிர வேற வெட்ட மாட்டாரு. கறி பஞ்சு மாதிரி இருக்கும்."

தென்னந்தோப்பும் முந்திரிக் காடுமாக ரோடு ஓடியது. வைகாசி வெயில் ஹெல்மெட்டுக்குள் கொதித்தது. பின்னால் உட்கார்ந்திருந்த அக்கா, "ஜெபக்குமார் இந்த ரோட்டுல முப்பது நிமிஷத்துல போவான்" என்றார். நான் இருபத்தெட்டு நிமிஷத்தில் போய்ச் சேர்ந்தேன்.

மூக்கன் கடையைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, உருண்டைத் தலை, தோளில் ஈரத் துண்டு. ஆறு தொடை என்று நான் வாயைத் திறந்ததுதான் தாமதம், மனுஷன் பிடித்துக்கொண்டார்.

"அந்த ஆளா? நல்லா இருப்பாரா அவரு! புதன்கெழம வந்து சொல்லிட்டுப் போறாரு, வியாழக்கெழம ஆறு பின்னந்தொடை வேணுமாம். சரின்னேன். வந்து நின்னுக்கிட்டு, ஆறும் வலது காலா குடுங்கறாரு! முப்பது வருஷமா கறிக்கடை வச்சிருக்கேன். ஈரலு கேப்பாக, நல்லி கேப்பாக. வலது காலு மட்டும் கேட்ட மனுசன இப்பத்தான் பாக்குறேன். ஒரே மாதிரி எடது காலு ஆறு கெடந்துச்சு. என்னத்தச் செய்ய? அம்புட்டையும் கொத்துக்கறியா போட்டேன்."

"ஆள் எப்படி?" என்றார் அக்கா.

"ஹெல்மெட்டக் கழட்டவே இல்ல தாயி. பேச்சு மட்டும் பதமான பேச்சு. வாங்க போங்கன்னுதான் பேசுனாரு. வண்டிய அங்கிட்டு எங்கயோ நிறுத்திட்டு நடந்துதான் வந்தாரு."

"எலும்பை மட்டும் வாங்குனாரா?"

"அதையுங் கேளுங்க. கறிய எடுத்துட்டு எலும்பத் தரட்டுமான்னேன். வேணாம், ஒங்க கத்தி எலும்புல பட்டுரும், நானே எடுத்துக்கிறேன்னாரு. எனக்கா கத்தி புடிக்கத் தெரியாது? அம்புட்டையும் கறியோட சாக்குல போட்டுத் தூக்கிட்டுப் போயிட்டாரு."

"கறி எவ்வளவு தேறும்?"

"எலும்பு போக எட்டு கிலோ தாராளமா."

அக்கா முகத்தில் அன்றைக்கு முதல் தடவையாக ஒரு சிரிப்பு வந்தது. மூக்கனைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, வேப்ப மரத்து நிழலில் நின்றார்.

"குணா, எட்டு கிலோ கறி எங்க போச்சு?"

"எங்க போச்சுன்னா? எலும்புதானே அவனுக்கு வேணும். கறியைத் தூக்கிப் போட்டிருப்பான்."

"நீ போடுவியா?"

நான் யோசித்தேன். எட்டு கிலோ. மூக்கன் கடைக் கறி. காயடித்த கிடாவின் பின்னந்தொடை. நினைத்தாலே நாக்கில் எச்சில் ஊறியது. "ச்சே, எப்படிக்கா மனசு வரும்?"

"அவனுக்கும் வந்திருக்காது. மேன்ஷன்ல ஒரு கட்டிலு போட்டு, மெஸ்ஸுல சாப்புடுறவன் எட்டு கிலோ கறிய என்ன பண்ணுவான்? அடுப்பும் இல்ல, ஃப்ரிட்ஜும் இல்ல. வேற வழியில்லாம வீசித்தான் ஆகணும். வீசுனா பஸ் ஸ்டாண்டு நாயெல்லாம் கூடிரும், ஊரே பேசும். வீடு வாசல் உள்ளவன் அப்படி இல்ல. எல்லாத்தையும் யோசிச்சுச் செஞ்சிருப்பான். ஆனா கறியைக் கண்டதும் கை தானா வீட்டுப் பக்கம் திரும்பியிருக்கும்."

"வியாழக்கிழமை கறி. மறுநாள் வெள்ளிக்கிழமை. நம்ம பக்கம் எந்த வீட்டுலயும் கறி சமைக்க மாட்டாங்களேக்கா. எட்டு கிலோ ஃப்ரிட்ஜுலயும் அடங்காது."

"அடங்கலேன்னா?"

"உப்புக்கண்டம்!" என்று கத்தியே விட்டேன். கறியைக் கீற்றாக அரிந்து, உப்பும் மஞ்சளும் தடவி, கயிற்றில் கோத்து வெயிலில் காயப் போடுவார்கள். மாதக் கணக்கில் கெடாது. "வியாழக்கெழம போட்டிருந்தா வெள்ளி, சனி, ஞாயிறு, இன்னைக்கி நாலாவது வெயிலு. இன்னும் கயித்துலதான்க்கா தொங்கும்! ஆனா யார் வீட்டுல?"

"காலையில நான் சாவி எத்தனைன்னுதான் கேட்டேன்" என்றார் அக்கா. "எனக்கு எதுக்குப் பொறாமைன்னு ஒருத்தன் பதில் சொன்னான். அதை நான் கேக்கவே இல்ல."

பொறாமையில் ஊறிக் கிடக்கிறேன் என்று பீற்றிக்கொள்ளும் நான், டீ டம்ளரைப் பார்த்து ஏமாந்துவிட்டேன்.

திருக்கோகர்ணத்தில் கோயிலுக்குப் பின்னால் ஒரு தெருவில் கண்ணன், இளமதி வீடு. மதியம் ஒன்றே கால். இளமதியை அக்கா போனில் வரச் சொல்லியிருந்தார். எதற்கு என்று சொல்லவில்லை. அவள் வருவதற்குள் நாங்கள் போய்விட்டோம். கண்ணனின் அம்மா சின்னப்பிள்ளை மட்டும்தான் இருந்தார். மருமகளின் ஆபீஸிலிருந்து வருகிறோம் என்றதும் மோர் வந்தது.

"மொட்டை மாடியில என்னம்மா, காக்கா இந்தக் கத்து கத்துது?" என்றார் அக்கா, ஒன்றும் தெரியாதவர் போல.

"அதை ஏன் கேக்குறீக, நாலு நாளா காக்காயோட மல்லுக்கட்டுறேன். வாங்க, வந்து பாருங்க" என்று சின்னப்பிள்ளை பெருமையோடு படி ஏறினார்.

மாடியில் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை மூன்று கயிறு. கயிறு முழுக்கக் கறி. வெயிலில் சுருங்கி, செக்கச் செவேலென்று, மஞ்சள் வாசனையோடு. ஜென்மத்தில் அவ்வளவு அழகான சாட்சியத்தை நான் பார்த்ததில்லை.

"எம் மவன் வாங்கியாந்தது. வியாழக்கெழம சாயங்காலம் ஒரு அண்டா நெறையக் கொண்டாந்து வைக்கிறான். ஏன்டா, நாளைக்கி வெள்ளிக்கெழமயாச்சே, இப்பப் போயி வாங்கியாந்திருக்கியேன்னேன். சும்மா கெடச்சுச்சு, காயப் போடும்மான்னான். எலும்பே இல்லாம எம்புட்டு நறுவிசா அரிஞ்சிருக்கான் பாருங்க. ராத்திரி எட்டரை மணி வரைக்கும் நாந்தேன் கோத்தேன்."

படியில் ஏதோ விழுந்த சத்தம் கேட்டது. திரும்பினோம். இளமதி மேல்படியில் நின்றிருந்தாள். கைப்பை காலடியில் கிடந்தது.

"வியாழக்கெழமையா அத்தை?" என்றாள்.

"ஆமா, நீதான் லேபுலேர்ந்து வாரதுக்கு ஒம்பது மணியாயிருச்சே. மறுநாள் வந்தவ ரூமைச் சாத்திக்கிட்டு அழுதுகிட்டே கெடந்தே. ஒனக்கெங்க இதெல்லாம் கண்ணுல பட்டுச்சு?"

இளமதி கயிற்றுப் பக்கம் போனாள். ஒரு துண்டைத் தொட்டுப் பார்த்தாள். அவ்வளவு கறிக்கு எத்தனை தொடை என்று கணக்குப் போட அவளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவள் கீழே இறங்கிச் சமையலறைக்குப் போய், ஃப்ரிட்ஜின் மேல்தட்டைத் திறந்தாள். நாங்கள் பின்னாலேயே ஓடினோம்.

ஐஸ் தட்டுகளுக்குப் பின்னால், பாலித்தீன் பைக்குள், ஆறு எலும்பு. ஈரத் துணியால் ஒழுங்காகச் சுற்றப்பட்டு, பத்திரமாக.

"அது நாய்க்கின்னு வச்சிருக்கான். தொடாதேன்னான்" என்றார் சின்னப்பிள்ளை, வாசலில் நின்று. "நம்ம வீட்டுல ஏதுடா நாயின்னு கேட்டேன், பதிலே சொல்லல."

வாசலில் வண்டிச் சத்தம். கண்ணன் மதியச் சாப்பாட்டுக்கு வந்தான். எங்கள் செருப்பைப் பார்த்திருக்க வேண்டும், மெதுவாகத்தான் உள்ளே வந்தான். மேஜை மேல் வரிசையாக ஆறு எலும்பு. அதற்குப் பின்னால் அவன் மனைவி.

மறுப்பான் என்று நினைத்தேன். மறுக்கவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

"தூக்கிப் போட்டிருக்கலாம்ல?" என்றாள் இளமதி. "ஏன் வச்சிருக்கீங்க?"

"போடத்தான் போனேன். நீ வீடு வீடாப் போயிக் கெஞ்சி வாங்குனது. மனசு வரல."

"இதுக்கு மனசு வரல. அதுக்கு மட்டும் வந்துச்சா?"

சின்னப்பிள்ளை என்ன ஏது என்று புரியாமல் மகனையும் மருமகளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"நான் பழக்கி விட்ட மெஷினு" என்றான் கண்ணன். "அதுல நம்பர் ஏற ஏற நீ எங்கிட்டேர்ந்து தூரமாப் போனே. நூத்தி இருவதுன்னு நான்தான் வாசிப்பேன். எல்லாரும் ஒனக்குக் கை தட்டுவாங்க. நூத்தி நாப்பதுன்னு வாசிப்பேன், ஒனக்குத்தான் கை குடுப்பாங்க. வீட்டுக்கு வந்தும் அந்த ஸ்குரூதான் பேச்சு. ஒரே ஒரு தடவை நீ தோத்துப் பாக்கணும்னு தோணுச்சு. வேலை போவும், பேரு கெட்டுப் போவும்னெல்லாம் நான் நெனைக்கல, சத்தியமா. வெள்ளிக்கெழம நீ வீட்டுக்கு வந்து என் தோள்ல சாஞ்சு அழுதேல்ல? ரெண்டு வருஷத்துல அன்னைக்கித்தான் நான் ஒன் புருஷன் மாதிரி இருந்தேன். எவ்வளவு நல்லா இருந்துச்சு தெரியுமா?"

ஜெபக்குமார் சென்னையில் ஏதாவது கேஸில் மண்ணைக் கவ்வ வேண்டும் என்று எத்தனை தடவை வேண்டியிருப்பேன் நான்? அக்காவின் முகத்தைப் பார்க்கவே கூச்சமாக இருந்தது.

இளமதி அழவில்லை. "எனக்கு ஒடம்பெல்லாம் கூசுது" என்றாள். எலும்புகளை ஒவ்வொன்றாக எடுத்து ஐஸ் பெட்டியில் வைத்தாள். "நாளைக்குப் பத்து மணிக்கு லேபுக்கு வாங்க. நான் எதுவும் சொல்ல மாட்டேன். என்ன நடந்துச்சுன்னு கமிட்டி கேப்பாங்க. சொல்றதும் சொல்லாததும் ஒங்க இஷ்டம்." அந்த ராத்திரி அவள் ஆலங்குடியில் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள் என்று பிறகு தெரிந்தது.

மறுநாள் பத்து மணிக்கு மெஷின் அறையில் கூட்டம் நிறைந்துவிட்டது. கமிட்டியிலிருந்து மூன்று பேர், டைரக்டர் ராஜலட்சுமி, வெற்றிசெல்வன், சுவரோரமாக நானும் அக்காவும். எலும்பு வந்த அன்று எடுத்த எக்ஸ்ரே படங்களை இளமதி திரையில் போட்டாள். மேஜையில் இருந்த ஆறும் அந்தப் படங்களோடு அச்சாகப் பொருந்தின. வெள்ளிக்கிழமை இழுத்த எலும்புகள் ஒன்றுகூடப் பொருந்தவில்லை.

கமிட்டித் தலைவர் கண்ணாடியைக் கழற்றினார். "அப்ப வெள்ளிக்கிழமை இந்த மெஷின்ல வேற எலும்பு எப்படி வந்துச்சு?"

எல்லார் பார்வையும் மெல்ல வெற்றிசெல்வன் பக்கம் திரும்பியது. அவன் முகம் வெளுத்தது. கண்ணன் மெஷின் பக்கத்தில் தலை குனிந்து நின்றான். இளமதி ஸ்குரூவை எலும்பில் திருகிக்கொண்டே இருந்தாள்.

"நான்தான் மாத்துனேன்" என்றான் கண்ணன்.

அறையில் ஒரு சலசலப்பு. "எதுக்குய்யா?" என்றார் டைரக்டர்.

"பொறாமைங்க மேடம்."

அத்தனை கண்களும் அவன் மேல் நிலைத்தன. சொந்தப் பெண்டாட்டிக்கா, ஏன் இப்படி, எப்போதிருந்து, எலும்பு எங்கே வாங்கினாய் என்று கேள்வி மேல் கேள்வி. கமிட்டிக்காரர் ஒருவர் நாற்காலியைத் திருப்பிப் போட்டே உட்கார்ந்துவிட்டார். கண்ணன் ஒவ்வொன்றுக்கும் நிதானமாகப் பதில் சொன்னான். சொல்லச் சொல்ல அவன் தலை கொஞ்சம் கொஞ்சமாக நிமிர்ந்தது. அந்த அறையில் எல்லாரும் அவனை மட்டுமே பார்த்துக்கொண்டிருந்தது அதுதான் முதல் தடவையாக இருக்கும்.

இளமதி எலும்பை மெஷினில் மாட்டிவிட்டு நிமிர்ந்தாள்.

"அவரைப் பாத்தது போதும் சார்" என்றாள். "இப்ப என் ஸ்குரூவைப் பாருங்க."

கண்ணனைக் கையால் ஒதுக்கிவிட்டுத் தானே பட்டனை அழுத்தினாள். நாற்பதில் ஸ்குரூ அசையவில்லை. தொண்ணூறைத் தாண்டியது. நூற்று இருபது. நூற்று நாற்பது. நூற்று நாற்பத்தாறில்தான் டக்கென்று ஸ்குரூ கழன்று வந்தது.

வெற்றிசெல்வன்தான் முதலில் கை தட்டினான். பிறகு எல்லாரும் தட்டினார்கள். கண்ணன் கடைசி வரைக்கும் தட்டவில்லை.